தரவுத்தளத்தில் நாளும் நேரமும்

03/04/2015 என்பதை நாம் ஏப்ரல் மூன்றாம் நாள் என்று படிக்கிறோம். அமெரிக்கர் மார்ச் நான்காம் நாள் என்பர். இம்மயக்கத்தை நீக்கவே, 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரம் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை வகுத்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளும் தேதியை 2015-04-03 என இவ்வரிசையிலேயே காட்டுகிறது.

ஆயினும் அதன் பழைய பதிப்புகள் இயல்பமைப்பில் பிழைகளைப் பொறுத்துக்கொண்டன. பிப்ரவரி 30 என்று கொடுத்தால், ஓர் எச்சரிக்கையுடன் 0000-00-00 எனச் சேமித்துவிடும். பிறந்தநாள் தெரியாத மாணவர்க்கும் சிலர் அச்சுழியங்களையே இட்டுவந்தனர். 2015இல் வெளிவந்த 5.7ஆம் பதிப்பில் கண்டிப்பு முறை இயல்பமைப்பாயிற்று. சுழியத் தேதியைப் புதிதாக எழுத முயன்றால் மறுத்துவிடும். நேற்றுவரை ஓடிய நிரல் நின்றுபோக, பழி புதிய பதிப்பின்மேல் விழுகிறது. அது முறையன்று என்பதே நம் கருத்து. பழையது மறைத்ததைப் புதியது வெளிப்படுத்துகிறது, அவ்வளவே.

கண்டிப்பு முறையை அணைத்துவிடலாம். பலரும் அதையே நாடுகின்றனர். ஆனால் 2010ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த மாணவர் யாவர் என வினவினால், சுழியத் தேதி உடையவரும் அப்பட்டியலில் இடம்பெறுவர். அகவை அறியப்படாத பிள்ளை மூத்தோர் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. எனவே முதலில் தரவைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, சுழியங்களை வெற்றுமதிப்பாக மாற்றுவதே தக்கது. (ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து ‘நல்’ என்று எழுதினால் தமிழில் பொருளே தலைகீழாகிவிடும்!) தெரியாத நாளைத் தெரியாதது என்றே பதிவதற்கு ஏற்பட்டது வெற்றுமதிப்பு.

நேரத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. ‘டேட்டைம்’ வகை கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். ‘டைம்ஸ்டாம்ப்’ வகையோ உலகப் பொது நேரத்திற்கு மாற்றிச் சேமிக்கும். சிங்கப்பூரும் தீபகற்ப மலேசியாவும் 1981 இறுதிவரை உலகப் பொது நேரத்திற்கு ஏழரை மணி முன்னிருந்தன. 1982 சனவரி 1 முதல் எட்டு மணி ஆயிற்று. 1975ஆம் ஆண்டின் ஓர் இரவு 11.45 மணி, ‘ஏஷியா/சிங்கப்பூர்’ என்னும் வட்டாரப் பெயரின்படி சரியாகச் சேமிக்கப்பட்டது எனக் கொள்வோம். பதிப்பை மாற்றும்போது புதிய கணினியில் வெறுமனே எட்டு மணி என்று அமைத்தால், அது மறுநாள் 12.15 எனத் தோன்றும். அரைமணிப் பிழை ஒரு நாள் பிழையாகிறது. ஆதலால் நேர வேறுபாட்டை எண்ணால் குறிக்காமல், வட்டாரப் பெயரால் குறித்தல் வேண்டும். அப்பெயர்கள் இயங்க, நேர வட்டார அட்டவணைகளையும் தரவுத்தளத்தில் தனியே ஏற்றவேண்டும்.