சாமிக் காடும் கிணற்று நீரும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமச் சாலைகளில் செல்லும்போது நீங்கள் இதைக் கவனித்திருக்கலாம். ஊர் எல்லையில் ஓர் ஐயனார் கோயில், சுடுமண் குதிரைகள், பக்கத்தில் ஒரு குளம், சுற்றிலும் பழைய மரங்கள். காவலாள் இல்லை. ஆயினும் அங்கே கிளை ஒடிக்க ஊரார் தயங்குவர். கேட்டால், "சாமிக் குத்தம்" என்பார்கள்.

இன்று புவி வெப்பமடைகிறது, காடுகள் சுருங்குகின்றன, நிலத்தடி நீர் குறைகிறது. இந்த நெருக்கடியைச் சமாளிக்கச் சாமி நம்பிக்கை துணையா, தடையா? உணர்ச்சிவசப்படாமல் ஆராய்வோம்.

முதலில் துணையைப் பார்ப்போம். சோழமண்டலக் கரையில் காணப்படுபவை வறண்ட பசுமைமாறாக் காடுகள். வீரை, காயா, பாலை போன்ற மரங்கள் அடர்ந்தவை. அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய துண்டுகளில் பல, கோயில்களைச் சுற்றியே நிற்கின்றன. புதுவைக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு இதற்கு நல்ல சான்று. மராட்டிய மாநிலக் கோயில் காடுகள் பற்றி மாதவ் காட்கிலும் வர்தக்கும் 1976-இல் எழுதிய கட்டுரையும் இத்தகைய பாதுகாப்பையே எடுத்துக்காட்டியது. இதற்குக் காரணம் யாது? காவலாளின் கண் படாத இடத்தில் சட்டத்தை மீறலாம். சாமியின் கண்ணோ ஒவ்வொருவர் மனத்துக்குள்ளும் இருக்கிறது. செலவில்லாத காவல் அது!

ஆனால் இக்காவலுக்குக் குறையும் உண்டு. நம்பிக்கை காப்பது முதலில் சாமியை, மரத்தை அடுத்தபடியாகத்தான். கோயில் புகழ் பெற்றால் மண்டபமும் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும் வருகின்றன, காடு பின்வாங்குகிறது. பக்தியோடு கரைக்கும் பிள்ளையாரே பாரிஸ் சாந்தினால் ஆனவராக இருந்தால் குளம் கெடுகிறது. மழைக்கு வேண்டிக்கொள்வதில் தவறில்லை. வேண்டியதோடு நம் வேலை முடிந்தது என்று எண்ணுவதே தடை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்றுண்டு. மரம் வெட்டப்பட்டால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீருக்கு நேர்வது தெரியாது. பாகூர் கொம்யூனின் கிழக்கு எல்லை கடல். கடலோர மண்ணுக்கடியில் நல்ல நீர் மேலேயும், கனமான கடல்நீர் கீழேயும் நிற்கின்றன. நல்ல நீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. எனவே 41 மீட்டர் உயர நல்ல நீர், 40 மீட்டர் உயரக் கடல்நீருக்குச் சமமான அழுத்தம் தரும். அதாவது, நல்ல நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும். இதற்குக் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று பெயர்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மின்மோட்டார்களால் நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கிவிட்டால்? உப்புநீர் எல்லை நாளடைவில் 20 மீட்டர் மேலேறும்! மண்ணின் அடுக்குகளைப் பொறுத்து இவ்வளவு மாறலாம், போக்கு மாறாது. புதுவைக் கடலோரத்தில் கடல்நீர் ஊடுருவலை நிலத்தடி நீர் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஒருமுறை உப்பேறிய கிணறு எளிதில் திருந்தாது. அதற்கு யாரும் "சாமிக் குத்தம்" சொல்வதில்லை. ஏனெனில் குற்றம் நடப்பதையே யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வைப்பது அளவுகோல். அதனால் நம்பிக்கை தேவையில்லை என்றாகிவிடுமா? இல்லை. அளவு ஆபத்தைக் காட்டும், மோட்டாரை நிறுத்தாது. நான் மட்டும் நிறுத்தி என்ன பயன் என்று ஒவ்வொருவரும் எண்ணுவர். ஊர் முழுதும் ஒரே கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சாமிக் காடு நமக்கு ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூர் சபை ஏரி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்வெட்டாகப் பொறித்து வைத்தது. ஊருக்குப் பொதுவான ஏரிக்கு, ஊரே அறிந்த விதி!

நீங்களும் ஒன்று செய்யலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, ஊர்க் கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தைப் பொங்கலன்று அளந்து பாருங்கள். ஆனி மாதத்தில் மீண்டும் அளவுங்கள். ஆண்டுதோறும் இதைச் செய்து, ஊராரின் அனுமதியோடு கோயில் வாசலில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கும்பிட வருபவர் எல்லாரும் அதைப் படிப்பர். கண்ணுக்குத் தெரியாத நீர் அப்போது கண்ணுக்குத் தெரியும். தெரிந்த பின், அதையும் தொடக்கூடாத சொத்தாகக் காப்பதா என்பதை ஊர் கூடி முடிவு செய்யட்டும்.