ஆங்கில அருஞ்சொற்களும் பகுபத முறையும்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதையில் கொடைரோடு என்றொரு நிலையம் உளது. திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு 1875-இல் பாதை அமைந்த காலத்தில் எழுந்தது அது. ஊரின் பழம்பெயர் அம்மையநாயக்கனூர். ‘ரோடு’ என்பதற்குச் ‘சாலை’ எனும் ஒரு பொருளையே மனங்கொண்டவன் இதனை ஒரு சாலையின் பெயரென மயங்குவான். இருப்புப்பாதைத் துறையார் வழக்கிலோ, தொலைவிலுள்ள ஊர்க்குச் சாலை பிரியுமிடத்து நிலையத்தின் பெயரில் அச்சொல் ஈறாய் நிற்கும். இராசத்தானத்து ஆபுரோடும் இவ்வகையினதே. கொடைக்கானல் இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் உளது. ‘எனக்குக் கொடைரோடு’ என்று இன்று ஒருவர் தம் ஊரைக் கூறுங்கால் எச்சாலையையும் நினைப்பதில்லை. காரணப்பெயர் இடுகுறி போல வழங்கலாயிற்று.

ஆங்கிலச் சொற்பயிற்சியிலும் இடர் இதுவே. தமிழ் முதுகலை மாணவர் மொழியியல் நூல்களையும் ஒப்பிலக்கிய நூல்களையும் ஆங்கிலத்திற் பயில வேண்டியவராகின்றனர். அவருட் பலர் கைக்கொள்ளும் வழி, சொல்லொன்றுக்குப் பொருளொன்றாகப் பட்டியலிட்டு நெட்டுருச் செய்தலேயாம். அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற அகராதிகள் இன்றியமையாதன; ஆனால் அவற்றைப் பட்டியலாகச் சுருக்கிக் கொள்ளும்போது பயன் கெடுகிறது.

நன்னூல் பயின்ற மாணவரிடம் வேறொரு கருவி முன்னரே உளது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பதத்தைப் பகுத்தறியும் முறையே அது. ஆங்கிலத்தின் கல்விச் சொற்கள் பெரும்பாலும் இலத்தீன், கிரேக்க மொழிகளின் வழி வந்தவை, பகுக்க இடந்தருபவை. ‘கிரெட்’ என்னும் இலத்தீன் பகுதிக்கு நம்புதல் பொருள். அதன்முன் ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டும், பின் ‘இபிள்’ என்னும் விகுதியும் சேர ‘இன்கிரெடிபிள்’ ஆகும். நம்பத்தகாதது என்பது பொருள். ‘இன்கிரெடுலஸ்’ என்பதோ நம்ப மறுக்கும் ஆளின் பண்பைக் குறிக்கும். முன்னது செய்தியின்மேலும் பின்னது கேட்போன்மேலும் செல்லும். பட்டியல் மனனம் செய்தவர் இரண்டற்கும் ‘நம்பமுடியாத’ என்றே எழுதுவர். விகுதியை நோக்கியவர் இப்பிழை செய்யார்.

சந்தியும் ஈண்டுப் பயன்படும். மரம், கள் என்பன புணர்ந்து மரங்கள் என்றாகும். பழம், சோறு என்பன பழஞ்சோறு என்றாகும். மகரம் வருமொழி வல்லெழுத்திற்கு இனமான மெல்லெழுத்தாகத் திரிகிறது. இவ்வாறே ‘இன்’ என்பதன் ஈறு இதழிற் பிறக்கும் பகரத்தின்முன் மகரமாகி ‘இம்பாசிபிள்’ என நின்றது. லகர ரகரங்களின்முன் அவ்வெழுத்துகளாகவே மாறி ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ என்றாயிற்று. இத்திரிபு இலத்தீனிலேயே நிகழ்ந்து ஆங்கிலத்துட் புகுந்தது. நான்கு வேறு முன்னொட்டுகளென மாணவர் அஞ்சுவது உண்மையில் ஒன்றே.

எனினும் பகுபத முறையை அளவிறந்து நம்பலாகாது. ‘மானுஃபாக்சர்’ என்பதன் உறுப்புகள் கையாற் செய்தல் என்றே பொருள் தரும். இன்று அது பொறியாற் செய்தலையே பெரிதும் குறிக்கின்றது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், தேங்காயெண்ணெய் என்ற தொடரில் எள்ளை இழந்துநிற்பதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. சொல்லின் பிறப்பை அறிதல் வேறு; வழக்கை அறிதல் வேறு. இரண்டாவது வாக்கியங்களை மிகுதியாகப் படித்தால்தான் வரும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

வழக்கறியாமை சிலவிடத்து உயிர்க்கே கேடாகும். ‘இன்ஃப்ளேமபிள்’ என்னும் சொல்லில் உள்ள ‘இன்’ எதிர்மறை அன்று. உட்புறம் என்னும் பொருள்தரும் வேறோர் ஒட்டு. எனவே எளிதில் தீப்பற்றுவது என்பதே சொற்பொருள். மேற்கூறிய விதியை மட்டும் கற்றவன் ‘தீப்பற்றாதது’ என்று பிரித்துப் பொருள்கொள்வான். ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டோரே இவ்வாறு மயங்கியதனால், 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தீத்தடுப்புத் துறையினர் முன்னொட்டை நீக்கி ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுமாறு வற்புறுத்தினர். நம் நாட்டிலோ பழைய சொல்லே பெரிதும் நிலைத்துவிட்டது. கொடைரோட்டை அடுத்துச் செல்லும் நெடுஞ்சாலையில் எரிபொருள் ஏற்றிவரும் டாங்கர் லாரிகளின் பின்புறத்தில் அதனைக் காணலாம்.