வீடியோ விளையாட்டில் இடமும் முறையும்

வீடியோ விளையாட்டுக்களின் அமைப்பை ஆராய்வோர் அவற்றைப் பெரும்பாலும் இருவகைப்படுத்துவர். ஒரு நிலையை முடித்த பின்னரே அடுத்த நிலைக்குச் செல்லுமாறு அமைந்தவை ஒருவகை. பரந்ததோர் உலகினுள் ஆடுவோர் விரும்பிய திசையிற் செல்லுமாறு அமைந்தவை மற்றொரு வகை. முன்னையதை நிலைப்பகுப்பு என்றும், பின்னையதைத் திறந்தவுலகு என்றும் ஈண்டுக் குறிப்போம். இப்பாகுபாடு கற்பார்க்கு எளிதேயாயினும், இடம், முறை என்னும் இரு வேறு பொருள்களை ஒன்றெனக் கொண்டு மயங்குதற்கு ஏதுவாகின்றது.

இதனைத் தெளிதற்கு நிண்டெண்டோ நிறுவனத்தின் இரு விளையாட்டுக்கள் பெரிதும் துணைசெய்யும். 1985 செப்டம்பரில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', 1986 பெப்ருவரியில் வெளிவந்த 'த லெஜெண்ட் ஆஃப் செல்டா' ஆகிய இரண்டையும் சிகேரு மியமோட்டோவும் தகாஷி டெசுகாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாக்கினர். ஆதலின் இவற்றிடைக் காணும் வேறுபாட்டை ஆக்கியோர் வேறுபாடு என்றோ, காலவேறுபாடு என்றோ ஒதுக்கவொண்ணாது.

மாரியோ விளையாட்டு எட்டு உலகங்களும், உலகொன்றுக்கு நான்காக 32 நிலைகளும் உடையது. நிலையினுள்ளே இடம் பெரும்பாலும் அறுபடாது திரையில் நகர்ந்துகொண்டேயிருக்கும். கடந்த இடத்திற்கு மீளுதல் மட்டும் இயலாது. செல்டாவிலோ வெளிநிலமே 128 திரைகளாகத் துண்டுபட்டுக் கிடக்கின்றது. ஓரத்தை அடைந்த பின்னரே அடுத்த திரை தோன்றும். இடத்தை மட்டும் நோக்கின், செல்டாவே பகுக்கப்பட்டது எனல் வேண்டும்! ஆயினும் அதனையே திறந்தவுலகின் முன்னோடி எனப் பலரும் போற்றுவர். எத்திரையினின்று எத்திரைக்குச் செல்வது என்பதை ஆடுவோரே துணிதல் அதற்குக் காரணமாம்.

அவ்வுரிமையும் வரையறை உடையதே. செல்டாவின் ஒன்பது நிலவறைகளுள் நான்காவது ஒரு தீவில் உள்ளது. மூன்றாவதிற் கிடைக்கும் தெப்பமின்றி அதனை அடைதல் இயலாது. ஒன்பதாவதோ, முன்னை எட்டிலும் உள்ள எட்டுத் துண்டுகளையும் சேர்த்தார்க்கே வழிவிடும். மறுதலையாக, முறை இறுகிய மாரியோவிலும் முதலுலகின் இரண்டாம் நிலையில் மறைந்துள்ள குழாய்கள் இரண்டு, மூன்று, நான்காம் உலகங்களுக்கு நேரே கொண்டுசெல்கின்றன.

முறையை ஆடுவோரிடம் விடுவதனாற் கதைக்கு நேர்வது யாது என்பதே இலக்கிய மாணாக்கர் கருதற்பாலது. 2017-இல் வெளிவந்த செல்டா வரிசையின் 'பிரெத் ஆஃப் த வைல்ட்' இதற்குத் தக்க சான்று. நூறாண்டு உறங்கி விழித்த தலைவன், தொடக்கத்தில் செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த ஒரு மேட்டுநிலத்தைக் கடந்தபின், விரும்பின் நேரே இறுதிப் பகைவனிடமே செல்லலாம். அவன் மறந்த நினைவுகளோ 12 படங்களின் வழியே நிலமெங்கும் சிதறியுள்ளன. அவற்றை எம்முறையிலும் காணலாம். நினைவுகள் கூறுவன முன்பே நிகழ்ந்து முடிந்தவை. ஆடுவோர் செயலால் மாறாதவை. ஆகலின் முறை பிறழினும் கதை முரண்படுவதில்லை. இஃது ஆக்கியோர்தம் நுண்ணறிவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இழப்பும் உண்டு. தொகைநூற் செய்யுள் போல ஒவ்வொரு நினைவும் தனித்து நின்று பொருள் தரவேண்டியிருத்தலின், முன்னதன்மேற் பின்னதை எழுப்ப ஆக்கியோர்க்கு இயலவில்லை. மாரியோவில் முதனிலையிற் பழகிய சிறுதாவல் பின்னிலைகளில் அரிய தாவலாக வளர்வது போன்ற வளர்ச்சியை அந்நினைவுகளிடைக் காண்டல் அரிது.