ஆறு ஓடாத மண்

மெக்சிகோவின் யுகட்டான் மாநிலத்து வட கரையில் ரியோ லகார்த்தோஸ் என்றொரு மீனவர் ஊர் உண்டு. ‘முதலை ஆறு’ என்று பொருள். முதலை இருக்கிறது, ஆறுதான் இல்லை. கப்பலில் வந்த ஸ்பானியர்கள், நிலத்துக்குள் நீண்டு கிடந்த உப்பங்கழியைக் கண்டு ஆறு என்று நம்பிப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏறத்தாழ 39,500 சதுர கிலோமீட்டர் பரந்த, 23 லட்சம் பேர் வாழும் ஒரு நிலத்தில் ஓர் ஆறுகூட ஓடாது என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

மழை பொய்க்கும் ஊரும் அல்ல. உள்பகுதிகளில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. ஆனால் பெய்த மழை தரையில் நிற்பதில்லை. யுகட்டான் தீபகற்பம் முழுவதும் ஒரே சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் பாறை இடுக்குகளில் கையளவு செம்மண், அவ்வளவுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பல லட்சம் ஆண்டுகளாகச் சுண்ணாம்பைத் தின்று, பாறைக்குள் குகைகளையும் வாய்க்கால்களையும் குடைந்து வைத்திருக்கிறது. இங்கே ஆறுகள் தரைக்கு அடியில் ஓடுகின்றன.

குகையின் கூரை சில இடங்களில் இடிந்து விழும். அப்போது அடியில் இருக்கும் நீர் வானத்தைப் பார்க்கும். இந்த இயற்கைக் கேணிகளுக்கு மாயா மக்கள் வைத்த பெயரே ஸ்பானிய நாக்கில் ‘செனோட்டே’ ஆயிற்று. மாநிலத்தில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வயதோலித் நகரில் ஊருக்கு நடுவிலேயே ஸாசி என்றொரு செனோட்டே இருக்கிறது. தெருவின் வெயிலிலிருந்து படியிறங்கினால் நாலைந்து நிமிடத்தில் குளிர்ச்சி முகத்தில் படுகிறது. தலைக்குமேல் பாதிக் கூரை இன்னும் விழாமல் நிற்கிறது. அதிலிருந்து சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன. இவ்விழுதுகள் தண்ணீருக்குள் வளராது. அப்படியிருந்தும் மாநிலத்தின் பல குகைகளில் இவை ஆழ்ந்த நீருக்கு அடியிலும் கிடைக்கின்றன. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தபோது அந்தக் குகைகள் காய்ந்து கிடந்தன என்பதற்கு அவைதான் சாட்சி.

இன்னும் கீழே இறங்கினால் உப்புநீர். கடல், பாறை வழியாகவே கசிந்து உள்ளே வந்து அடியில் கிடக்கிறது. நல்ல நீர் இலேசானது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் முக்குளிப்பவருக்கு எண்ணெய் கலந்தாற்போலக் கண் மங்கும். மாநிலம் குடிப்பது இந்த மிதக்கும் நீரைத்தான்.

செனோட்டேக்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் வடமேற்கில் அவை ஒரு வளைவாக, வட்டத்தின் பாதியை வரைந்தது போல வரிசைகட்டும். மீதிப் பாதி கடலுக்குள். இதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டு, ஒரு பள்ளத்தின் விளிம்பாக இருக்கலாம் என்று 1991-ல் எழுதியவர்கள் கெவின் போப், அட்ரியானா ஒகாம்போ, சார்லஸ் டல்லர் ஆகிய மூவர். அந்தப் பள்ளத்தை வேறு வழியில் வந்து தொட்டவர்கள் முன்பே இருந்தார்கள். மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸுக்காக 1978-ல் காந்தப்புல அளவீடுகளைப் படித்துக்கொண்டிருந்த கிளென் பென்ஃபீல்ட், கடலுக்கடியில் ஒரு பெரிய அரைவட்டத்தைப் பார்த்தார். தரைப்பகுதியின் பழைய ஈர்ப்பு வரைபடத்தில் மறுபாதி இருந்தது. இரண்டையும் ஒட்டினால் முழு வட்டம். அவரும் அன்டோனியோ கமார்கோவும் 1981-ல் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னார்கள். கேட்டவர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் லூயிஸ் ஆல்வரெஸும் மகன் வால்டரும், டைனோசர்கள் அழிந்த கால மண்ணடுக்கில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டி, ஒரு விண்கல் விழுந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். விழுந்த இடத்தை உலகம் முழுவதும் தேடினார்கள். ஒரு பக்கம் பள்ளம் தெரிந்தவர்கள், இன்னொரு பக்கம் பள்ளத்தைத் தேடுபவர்கள். இடையில் பத்து ஆண்டுகள் போயின. 1990-ல் ஆலன் ஹில்டிபிராண்டுக்கு ஒரு பத்திரிகையாளர் வழியாகப் பென்ஃபீல்டைப் பற்றித் தெரிய வந்தது. பெமெக்ஸ் எப்போதோ தோண்டிய கிணறுகளின் பாறைத் துண்டுகளில், பெரும் அதிர்ச்சியில் மட்டுமே உருவாகும் விரிசல் கோடுகள் கொண்ட குவார்ட்ஸ் இருந்தது. புரோக்ரெஸோ துறைமுகத்துக்குப் பக்கத்துச் சிற்றூரின் பெயரால் அந்தப் பள்ளம் சிக்சுலூப் ஆனது.

பத்து கிலோமீட்டர் அளவுள்ள கல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த ஆழமற்ற கடலில் விழுந்து, சுமார் 180 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. அது விழுந்த இடமும் பொல்லாத இடம். சுண்ணாம்போடு கந்தகம் நிறைந்த ஜிப்சம் படிவுகள் அங்கே இருந்தன. கந்தகம் ஆவியாகி வானத்தை மூட, உலகம் இருண்டு குளிர்ந்தது. முக்கால்வாசி உயிரினங்கள் மாண்டன. 2016-ல் கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் துளையிட்டபோது, ஆழத்தில் கிடக்க வேண்டிய இளஞ்சிவப்புக் கிரானைட் மேலே கிளம்பி வந்திருப்பதைக் கண்டார்கள். ஜிப்சம் ஏறக்குறைய இல்லை. அது போன இடம் வானம். பிறகு வந்த சுண்ணாம்பு அந்தப் பள்ளத்தை மூடிவிட்டது. ஆனாலும் புதைந்த விளிம்பை ஒட்டிப் பாறை விரிசல் கண்டிருப்பதால் நிலத்தடி நீர் அந்த வழியில் ஓடி, வழியெங்கும் செனோட்டேக்களைத் திறந்து வைத்திருக்கிறது.

மாயா நகரங்கள் இந்த நீர் கிடைத்த இடத்தில் எழுந்தவை. சிச்சென் இட்சா என்ற பெயருக்கே ‘இட்சா மக்களின் கேணி வாய்’ என்று அர்த்தம். தெற்கே நிலம் உயரும் பூக் பகுதியில் நீர் எட்டாத ஆழத்தில் இருப்பதால், உஷ்மல் நகரத்தார் பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டிகள் கட்டினார்கள். மழைத் தெய்வம் சாக்கின் முகத்தைச் சுவரெல்லாம் செதுக்கினார்கள். 1542-ல் த்ஹோ என்ற மாயா நகரின் மேலேயே, அதன் கற்களை எடுத்தே, ஸ்பானியர்கள் தலைநகர் மெரிதாவைக் கட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து மானி என்ற ஊரில் பாதிரியார் தியெகோ தெ லாந்தா மாயா ஏடுகளைக் கொளுத்தினார். ஒரு மக்களின் எழுத்தே ஒரு நாளில் எரிந்தது என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. ஆனால் மொழி எரியவில்லை. மாநிலத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் மாயா பேசுகிறார்கள்.

மண்ணில்லாத பாறையில் என்ன விளையும்? எனெக்கென் விளையும். நம் ஊரில் ரயில் பாதையோரம் வேலியாக நட்டதால் ‘ரயில் கற்றாழை’ என்று பேர் வாங்கிய செடியின் பங்காளி அது. இரண்டும் மெக்சிகோவின் அகேவ் இனம்தான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது நீரையும் இழக்கின்றன. அகேவ் இரவில்தான் திறக்கிறது. வாங்கிய கார்பன் டை ஆக்சைடை அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் சர்க்கரையாக்குகிறது. நட்டு ஆறேழு ஆண்டு காத்திருந்தால் முதல் அறுவடை. கூலியாள் இலை நுனியின் ஊசிமுள்ளை அரிந்து, ஓரத்து முட்களைச் சீவி, கட்டுக்கட்டாக அடுக்குவார். எந்திரம் சதையை வழித்தெடுக்கும். ஓர் ஆள் சுமையளவு இலையில் தேறும் நார் மிகச் சொற்பம். அதை வெயிலில் கொடிபோட்டுக் காயவைத்தால் வைக்கோல் பொன்னிறம்.

1870களின் இறுதியில் அமெரிக்கக் கோதுமை வயல்களில் கதிர்க்கட்டை எந்திரமே கயிற்றால் கட்டத் தொடங்கியது. அதற்கு முன் கட்டிய கம்பியின் துண்டுகள் மாட்டின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. கயிறு வந்ததும் யுகட்டானின் நாருக்குக் கிராக்கி ஏறியது. ‘பச்சைத் தங்கம்’ என்றார்கள். சிசால் துறைமுகத்தில் ஏற்றுமதியான நாருக்கு உலகம் ‘சைசல்’ என்றே பெயர் வைத்தது. மெரிதாவின் பாசேயோ தெ மொந்தெஹோ சாலையில் இன்றும் நிற்கும் மாளிகைகள் அந்தப் பணத்தில் எழுந்தவை.

அந்த மாளிகைகளை அழகு என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக் கடையில் எழுதிய கடன் தீராதபடி மாயா குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. வடக்கே சொனோரா மாநிலத்திலிருந்து யாக்கி மக்களை அரசே நாடுகடத்திக் கொண்டுவந்து இந்தத் தோட்டங்களில் தள்ளியது. 1905-ல் கொரியாவிலிருந்து சுமார் ஆயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். கடன் அடிமை முறை 1914-ல் ஏட்டில் ஒழிந்தது. மறு ஆண்டு படையோடு வந்த சால்வடோர் அல்வராடோதான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பின்னர் ஆளுநரான ஃபெலிப்பே கரியோ புவெர்த்தோ மக்களிடம் மாயா மொழியில் பேசினார், நிலம் கொடுத்தார். 1924 ஜனவரி 3 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நாரின் காலமும் நீடிக்கவில்லை. 1893-ல் ஃபுளோரிடாவிலிருந்து இன்றைய டான்சானியாவுக்குப் போன சைசல் கன்றுகளில் உயிர் பிழைத்தவை 62. அவற்றிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் தோட்டங்கள் பெருகின. பிறகு செயற்கை இழை வந்தது. இன்றைய யுகட்டான் சுற்றுலாவிலும் தொழிற்சாலைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் பிழைக்கிறது.

பன்றிப் பண்ணையின் கழிவும் மழைநீர் போன வழியில்தான் போகும். வடிகட்ட மண் இல்லை. பாறை முழுக்க ஓட்டை. செனோட்டேக்களுக்கு வருவோருக்கு வழிகாட்டி வருமானம் பார்க்கும் ஓமூன் கிராமத்துக்குப் பக்கத்தில் 49,000 பன்றிகளுக்கு ஒரு பண்ணை அனுமதி வாங்கியது. செனோட்டே வளையத்தைக் காக்க மாநில அரசே 2013-ல் அறிவித்த நிலத்தடிநீர்க் காப்பகத்துக்குள் அந்த ஊர் இருக்கிறது. கிராமத்தார் நீதிமன்றம் போனார்கள். 2018-ல் பண்ணைக்குத் தடை விழுந்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் தடையை நிலைநிறுத்தியது. வழக்கில் மனுதாரர்களாக நின்றவர்கள் ஓமூனின் மாயா குழந்தைகள்.