பெட்டி வந்த வழி – 9: சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கிய டாஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று ஊருக்கு ஊர் கண்ணில் பட்டது ஒரே பலகைதான்: டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்த பிள்ளைகள் அடுத்த படியாக அங்கே ஏறினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஏசி அறை. கறுப்புத் திரையில் ஆங்கில 'ஏ' எழுத்து, பக்கத்தில் ஒரு கோணக்குறி, மினுக்கும் கோடு. வேறொன்றும் கிடையாது. டாஸ் என்பது டிஸ்க் ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதை எழுதியவர் பில் கேட்ஸ் என்று மாஸ்டர் சொல்வார். பாதி சரி.

டாஸ் என்ற பெயர் பில் கேட்ஸைவிடக் கணினி உலகத்தில் சீனியர். அறுபதுகளில் ஐபிஎம் தன் பெரிய 360 இயந்திரங்களுக்கு டாஸ் என்று ஒன்றைக் கொடுத்தது. டிஸ்க் வாங்க வசதியில்லாதவர்களுக்கு, டேப்பிலிருந்து ஓடும் டேப் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று இன்னொன்று. அந்தக் காலத்து டிஸ்க் அலமாரி அளவு. எழுபதுகளின் தொடக்கத்தில் ஐபிஎம்மே 8 அங்குல பிளாப்பியைக் கொண்டுவந்த பிறகுதான் டிஸ்க் கையில் பிடிக்கிற பொருளாயிற்று.

அதைச் சின்ன இயந்திரத்தில் மாட்டி வேலை வாங்கியவர் கேரி கில்டால். கலிபோர்னியாவில் மாண்டரே கடற்படைக் கல்லூரியில் வாத்தியார். இன்டெலுக்கும் ஆலோசகர். 1974-இல் இன்டெல் 8080 சில்லுக்காக சிபி/எம் என்ற இயக்குதளத்தை எழுதினார். மனைவி டாரதியோடு சேர்ந்து அவர் தொடங்கிய கம்பெனிக்கு முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். வீட்டிலிருந்து நடத்திய கம்பெனிக்கு அண்டம் தாண்டிய பெயர்! பிறகு முன்பாதியை வெட்டிவிட்டார்கள்.

அவர் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. அன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியின் டிஸ்க்கும் ஒவ்வொரு விதம், திரையும் அப்படியே. புது இயந்திரம் வந்தால் எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும். கில்டால், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுகிற பகுதியை மட்டும் தனியே பிரித்து பயாஸ் என்று பெயர் வைத்தார். அந்தத் துண்டை மாற்றினால் போதும், மிச்சமெல்லாம் எங்கும் ஓடும். இதனால்தான் ஒரு மென்பொருளை எழுதி ஊரெல்லாம் விற்கலாம் என்ற வியாபாரமே பிறந்தது. வேர்ட்ஸ்டார் சிபி/எம்மில் பிறந்த பிள்ளை. டிபேஸும் அப்படித்தான். குத்தாலத்துப் பலகையில் இருந்த நாலில் இரண்டு கில்டால் வீட்டுச் சரக்கு. அவர் பெயர்தான் பலகையிலும் இல்லை, பாடத்திலும் இல்லை.

1980-இல் ஐபிஎம் ஆட்கள் இயக்குதளம் கேட்டு அவர் வாசலுக்கு வந்தார்கள். அவர் விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் உலகத்தையே கோட்டைவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. விறுவிறுப்பான கதைதான், ஆனால் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடத் தயங்கியது, பணம் பேசியதில் ஒத்துவராதது எல்லாம் இதில் காணாமல் போய்விடுகிறது. நடந்தது எதுவாயினும் ஐபிஎம் மைக்ரோசாஃப்டிடம் போனது. மைக்ரோசாஃப்டிடம் அப்போது கொடுக்க ஒன்றும் இல்லை. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர், 8086 சில்லுக்கான சிபி/எம் வருவதாகச் சொல்லித் தாமதமானதில் சலித்துப்போய், அதே பாணியில் சொந்தமாக ஒன்று எழுதியிருந்தார். பெயர் கியூடாஸ். விரித்தால், அவசரத்தில் செய்த அழுக்கு இயக்குதளம். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது: முதலில் 25,000 டாலருக்கு உரிமம், 1981 ஜூலையில் இன்னொரு 50,000 டாலருக்கு முழுசாகவே கிரயம். ஆகஸ்ட் 12-இல் ஐபிஎம் பிசி வெளிவந்தது. டாஸ் விலை 40 டாலர். சில மாதம் கழித்து அதே பெட்டிக்கு வந்த சிபி/எம்மின் விலை 240. கடைக்குப் போகிறவர் எதை எடுப்பார்?

நம் ஊர்ப் பக்கம் பெட்டி வரக் காரணம் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை. இறக்குமதித் தடைகள் தளர்ந்தன, பாகங்களை வாங்கி முடுக்கிய 'குளோன்' பிசிக்கள் பெருகின. கூடவே டாஸ் வந்தது, பெரும்பாலும் விலையில்லாமல். பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலைச் சேர்த்ததும் அதே 1984-தான் என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

டெல்டாவுக்கு டாஸ் பொருந்தியது என்றே சொல்வேன். கரண்ட் போகிற ஊர். டாஸுக்கு 'ஷட் டவுன்' என்ற சடங்கே கிடையாது. சுவிட்சை அணைத்தால் முடிந்தது, போட்டால் சில விநாடியில் கோணக்குறி வந்து நிற்கும். ஹார்டு டிஸ்க் இல்லாத பெட்டியில் ஏ டிரைவில் டாஸ், பி டிரைவில் நம் கணக்கு. ஹார்டு டிஸ்க் வந்தபோது அடுத்த எழுத்தான சி அதற்குக் கிடைத்தது. ஏயும் பியும் போன பிறகும் இன்றைய விண்டோஸ் பெட்டி சியிலிருந்தே எண்ணத் தொடங்குவது அதனால்தான்.

பொருந்தாத இடமும் இருந்தது. டிபேஸில் நெல் மூட்டைக் கணக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி பிழைக்கும், கணக்கு பிழைக்காது. மொத்தம் எத்தனை பதிவு என்ற எண்ணிக்கையை டிபேஸ் கோப்பின் தலைப்பில் குறித்துவைக்கும். கோப்பை மூடும்போதுதான் பெரும்பாலும் அதைத் திருத்தும். நடுவில் அறுந்தால் கடைசியாக ஏற்றியது டிஸ்க்கில் கிடந்தும் கண்ணுக்குத் தெரியாது. அட்டவணைக் கோப்பும் குழம்பும். ரீஇண்டெக்ஸ் என்று அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பிளாப்பியில் பூஞ்சை பூப்பது தனித் துன்பம்.

டாஸின் சுபாவம் இதுதான்: நிரல் கேட்டதும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்துவிடும் காவல்காரர். உள்ளே போனவர் எதை எடுக்கிறார், எதை நகர்த்துகிறார் என்று பார்க்க மாட்டார். திரைக்கான நினைவகத்தில் எந்த நிரலும் நேரே எழுதலாம்.

இந்தத் தூக்கம் தமிழுக்கு நல்லதாகப் போயிற்று. டாஸுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தடுக்கவும் தெரியாது. 256 எழுத்துருவங்களில் ஆங்கிலத்துக்கு வேண்டாத மேல்பாதியில் தமிழ் வடிவங்களை ஏற்றினார்கள். சிலர் புள்ளி புள்ளியாக வரைந்தார்கள். எண்பதுகளின் நடுவில் கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு'வையும் உருவாக்கினார்கள். புனேயின் சி-டாக் இன்னொரு வழி பிடித்து 'ஜிஸ்ட்' என்ற அட்டையைக் கணினிக்குள்ளேயே செருகச் சொன்னது. ஆங்கிலத்துக்கென எழுதிய நிரலிலும் இந்திய எழுத்துகள் வந்தன. மைக்ரோசாஃப்டிடமோ ஐபிஎம்மிடமோ அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அந்த ஆண்டுகளில் இதில் பாதியும் நடந்திருக்காது.

விலையும் கொடுத்தோம். ஆளுக்கொரு எண் வரிசை. ஒருவருடைய 'க' இன்னொருவர் திரையில் வேறு எதுவோ. 1991-இல் இஸ்கி என்ற இந்தியத் தரம் வந்தும் தமிழ் மென்பொருள்கள் அதன் பின்னால் அணிவகுக்கவில்லை. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை வகுத்தபோது, டாஸின் காலமே முடிந்துகொண்டிருந்தது. அந்த நாளில் பிளாப்பியில் எழுதிவைத்த தமிழைப் படிக்க இன்று பூஞ்சையைத் துடைத்தால் மட்டும் போதாது.

சாவி வைரஸ்காரருக்கும் கிடைத்தது. 1986-இல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்', 360 கேபி பிளாப்பியின் முதல் பகுதியில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே அவர்கள் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும். 1990-இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட 'ஜோஷி' ஜனவரி 5 அன்று மட்டும் வேலையைக் காட்டும். பெட்டி உறைந்து நிற்கும். ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தை ஆங்கிலத்தில் டைப் அடித்தால்தான் வழிவிடும். எந்த ஜோஷியோ.

டாஸை விண்டோஸ் கொன்றது என்பார்கள். எனக்கு அது அரைக் காரணமாகத்தான் படுகிறது. பெட்டி முழுதும் தன்னுடையது என்று நினைக்கிற இரண்டு நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டவே முடியாது. நினைவகம் வேறு 640 கேபியோடு நின்றது. 8088 சில்லால் எட்டமுடிந்த ஒரு எம்பியில் மேல்பகுதியை ஐபிஎம் திரைக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கிவிட்டது. 1985-இல் வந்த இன்டெல் 386, ஒரு நிரல் இன்னொன்றின் இடத்தில் கைவைக்காமல் தடுக்கும் வசதியோடு வந்தது. அதை டாஸ் பயன்படுத்தவில்லை. விண்டோஸ் 3.1 டாஸின் முதுகில் ஏறி ஓடியது. 1994-இன் 6.22 தனியாக விற்ற கடைசி எம்எஸ்-டாஸ். மறு வருடம் விண்டோஸ் 95 அதை உள்ளே மறைத்தது. 2001-இல் எக்ஸ்பி வீட்டுக் கணினிகளில் அடித்தளத்தையே மாற்றியது. கில்டால் 1994 ஜூலையில் 52 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு ஜிம் ஹால் என்ற மாணவர் அறிவித்த இலவச டாஸ், இப்போதும் ஃப்ரீடாஸ் என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸ் காசை மிச்சப்படுத்த நம்மவர்கள் வாங்கிய மலிவு லேப்டாப்களில் அது வந்து, வந்த அன்றே அழிக்கப்பட்டது.

விண்டோஸில் 'கான்' என்ற ஆங்கிலப் பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, ஒரு இந்தியர் கண்டுபிடித்தார், பில் கேட்ஸுக்கே காரணம் தெரியவில்லை என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அந்த இன்ஸ்டிடியூட்களில் படித்த எவருக்கும் காரணம் தெரியும். விசைப்பலகைக்கும் திரைக்கும் டாஸ் வைத்த பெயர் கான். 'காப்பி கான்' என்று அடித்துத்தான் முதல் கோப்பை உருவாக்கினோம். முடிக்கும்போது கன்ட்ரோல் இசட். அது கில்டால் விட்டுப்போனது: சிபி/எம் கோப்பின் அளவை 128 பைட் துண்டுகளாகத்தான் குறிக்கும் என்பதால், எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு முத்திரை தேவைப்பட்டது.

அரிசி ஆலைகளில் டிபேஸ் இருந்த இடத்துக்கு பெங்களூரிலிருந்து ஒரு கணக்குப்பிள்ளை வந்தார், அவரும் டாஸில்தான். டாலியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)