மிச்சத்தின் கதை – 11: கொதிகலனுக்குப் போகும் மரம்

காகித ஆலைப் பொறியாளர்களிடையே பழைய கிண்டல் ஒன்று உண்டு: லிக்னினை வைத்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், காசு மட்டும் பண்ண முடியாது. பல தலைமுறை ஆராய்ச்சியாளர்களின் எரிச்சல் அதில் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையல்ல. லிக்னினில் ஆலைகள் காசு பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன, அதை எரித்து.

மரத்தை நிமிர்ந்து நிற்கவைப்பது லிக்னின். செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே புகுந்து இறுகிக்கிடக்கும் பிசின் அது. பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களில் எடையில் கால் பங்குக்கும் மேல். கரும்புச் சக்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தேங்காய் நாரில் 40 சதவீதத்தையே தொடும். உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையிலிருந்து நார் அழுகாமல் வெளியே வருகிறதென்றால், கிருமிகளால் லிக்னினை எளிதில் தின்ன முடியாததே காரணம். குளுக்கோஸ் வரிசையாகக் கோத்தது செல்லுலோஸ். லிக்னினில் அந்த ஒழுங்கு கிடையாது. மூன்று வகை ஆல்கஹால்கள் செடிக்குள் கண்டபடி பிணைந்து உருவாகிறது. பிரித்தெடுக்கும் முறையை மாற்றினால் கையில் கிடைக்கும் பொருளும் மாறிவிடும். வாங்குகிறவர் எப்போதும் ஒரே தரம் கேட்பார், தலைவலி அங்கேதான்.

இன்று உலகின் பெரும்பகுதிக் கூழைத் தரும் கிராஃப்ட் முறையை 1879இல் டான்சிக் நகரில் உருவாக்கியவர் கார்ல் டால். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் மரச் சில்லுகளைப் போட்டு, சுமார் 170 டிகிரி வெப்பத்தில், மூடிய கலனில் அழுத்தத்தோடு வேகவைக்க வேண்டும். லிக்னினின் பிணைப்புகள் அறுந்து அது கரைந்துவிடும், இழை தங்கும். காகித ஆலை ஊர்களில் மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம் அந்தச் சல்ஃபைடில் உள்ள கந்தகத்தின் வேலை. போட்ட மரத்தில் பாதிதான் கூழாகும். மறு பாதி, ஆலைக்காரர்கள் 'பிளாக் லிக்கர்' என்று சொல்லும் கரிய திரவத்தோடு போய்விடும்.

அந்தத் திரவத்துக்கு வழி சொன்னது 1930களில் டாம்லின்சன் வடிவமைத்த மீட்புக் கொதிகலன். பிளாக் லிக்கரை நீர் சுண்டக் காய்ச்சி, கெட்டியானதும் உலைக்குள் பீய்ச்சி எரிக்கிறார்கள். மேலே நீராவியும் மின்சாரமும். அடியில் சோடியம் உப்புகள் உருகி ஓடுகின்றன. அவற்றை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் பழையபடி சமையல் கரைசல் தயார். (உலைக்குள்ளேயே அந்த உருகிய உப்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். இந்தக் கொதிகலனில் சின்னக் குழாய்க் கசிவுக்கே எல்லோரும் பதறுவது அதனால்.) லிக்னின் வீணாகிறது என்று எழுதுகிறவர்கள் இந்த உலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. லிக்னினை விற்க வருகிறவர் முதலில் தோற்கடிக்க வேண்டியது இதைத்தான். எடுத்த எரிபொருளுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும்.

ஆனால் அந்த உலைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆலையிலேயே மிக விலை உயர்ந்த இயந்திரங்களில் ஒன்று அது. கூழ் உற்பத்தியைக் கூட்ட நினைத்தாலும் பல ஆலைகளில் இதற்கு மேல் எரிக்க இடமிருக்காது. புதிதாக ஒன்று கட்டுவதைவிட லிக்னினில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டால் என்ன? பிளாக் லிக்கரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் காரம் தணிந்து லிக்னின் திரிந்து இறங்கும். இது முன்பே தெரிந்த சங்கதி. சிக்கல் கழுவுவதில் இருந்தது. வடிகட்டியின் மேலேயே தண்ணீர் விட்டால் கட்டி குழகுழத்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகமும் அங்குள்ள கூழ் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து கண்ட விடை எளிமையானது. வடித்த கட்டியை உடனே கழுவாமல் அமில நீரில் கலக்கிவிட்டு, மறுபடி வடித்து, பிறகு கழுவுவது. லிக்னோபூஸ்ட் என்ற பெயரில் இது 2013இல் வட கரோலினாவின் பிளிமத்தில் டோம்டார் ஆலைக்கு வந்தது. 2015இல் பின்லாந்தின் கோட்காவில், கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வரைந்த சுனிலா ஆலையில், ஆண்டுக்கு 50,000 டன் திறனோடு ஸ்டோரா என்சோ நிறுவனம் அதை அமைத்தது. முழு லிக்னினையும் எடுத்துவிட முடியாது. உலையில் தீ நிற்காது, அமிலத்தோடு சேரும் கந்தகமும் ஆலையின் கணக்கைக் குலைக்கும். சுனிலாவில் கூழ் உற்பத்தியே 2023இல் நின்றுபோனது. கூழ் வேகாத இடத்தில் பிளாக் லிக்கர் ஏது?

எடுத்த பொடி எங்கே போகிறது? பெரும்பாலும் ப்ளைவுட் பசைக்கு, பெட்ரோலியத்திலிருந்து வரும் ஃபீனாலில் ஒரு பங்கைக் குறைக்க. நெதர்லாந்தில் 2015இல் தாருக்குப் பதில் ஓரளவு லிக்னின் கலந்து சாலை போட்டார்கள். பேட்டரியின் எதிர்முனைக் கரியாக்கும் முயற்சியும் நடக்கிறது.

பழைய சல்ஃபைட் முறையில் கிடைக்கும் லிக்னோசல்ஃபோனேட் நீரிலேயே கரையும். அதன் கதை வேறு. கான்கிரீட்டில் சிறிதளவு சேர்த்தால் சிமென்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி, குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகும். நார்வேயின் போரேகார்ட் நிறுவனம் இதில் முன்னோடி. 1962 முதல் ஸ்ப்ரூஸ் லிக்னினிலிருந்து வெனிலினும் எடுக்கிறது; ஐஸ்கிரீமில் நாம் முகரும் வெனிலா மணத்தில் ஒரு பங்கு மரம். 1,000 கிலோ மரத்துக்குக் கிடைக்கும் வெனிலின் சுமார் 3 கிலோதான். ஆனாலும் மற்ற பொருள்களோடு சேர்த்து விற்பதால் கட்டுப்படியாகிறது.

நம் பக்கம் கரூர் அருகே காகிதபுரத்தில், 1980களிலிருந்து கரும்புச் சக்கை காகிதமாகிறது. பைன் மரத்துக்குப் பொருந்திய முறையைச் சக்கைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. சக்கையிலும் வைக்கோலிலும் சிலிக்கா அதிகம். காரம் தணியும்போது லிக்னினோடு சிலிக்காவும் சேர்ந்தே இறங்கும், பொடியில் மணலும் கலந்துவிடும். வட இந்தியாவில் வைக்கோலை வேகவைத்த சிறு ஆலைகள் பலவற்றுக்கு மீட்புக் கொதிகலன் வாங்க வசதியிருக்கவில்லை. அவை பிளாக் லிக்கரை ஆற்றில் விட்டன. கிருமிகள் தின்ன மறுக்கும் பொருள் என்பதால் பழுப்பு நிறம் வெகுதூரம் கலையாமல் ஓடியது. லிக்னினைப் பிரிப்பது அங்கே லாபக் கணக்கு அல்ல. ஆலையைத் தொடர்ந்து நடத்த அனுமதி பெறுவதற்கான விலை.