உங்களுக்குத் தெரியுமா? பல்லுக்கு விலை வைத்த சட்டமும் அதைப் படித்தே வாழ்ந்தவர்களும்

கி.பி. 600 வாக்கில் கென்ட் நாட்டை ஆண்ட ஏத்தல்பெர்ட்டின் சட்டம்தான் ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம். ஒருவரின் கட்டைவிரலை வெட்டியவர் 20 ஷில்லிங் நஷ்டஈடு தர வேண்டும். நகம் மட்டும் போனால் 3. முன்பற்கள் நான்கில் எது போனாலும் ஆறாறு ஷில்லிங். மோதிரவிரலுக்கு 6, சுண்டுவிரலுக்கோ 11! சுண்டுவிரல் எப்படி உசத்தியாயிற்றோ, அந்த ராஜாவுக்கே வெளிச்சம்.

* * *

இந்தச் சட்டத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. 1120களில் ராச்செஸ்டர் தேவாலயத்தில் எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படகுப் பயணத்தில் தண்ணீரில் விழுந்து, நல்லவேளையாகப் பிழைத்தது. கறை இன்னும் இருக்கிறது.

* * *

இந்தச் சட்டம் எழுதப்பட்ட பழைய ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே முதல் இலக்கணம் எழுதியவர் எலிசபெத் எல்ஸ்டாப் (1715). பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். அண்ணன் வில்லியம் இதுபோன்ற பழைய ஆங்கிலச் சட்டங்களைப் பதிப்பிக்கத் திட்டமிட்டிருந்தார். தங்கையின் இலக்கணம் வந்த அதே ஆண்டில் இறந்துபோனார். கடனில் சிக்கிய எலிசபெத், ஈவ்ஷாம் ஊரில் சின்னப் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார்.

* * *

ஆங்கிலோ-சாக்சன் சட்டங்கள், அதாவது பழைய ஆங்கிலக் காலத்துச் சட்டங்கள், முழுவதற்கும் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டும் பதிப்பைத் தந்தவர் ஆங்கிலேயர் அல்லர், பெர்லின்காரர். ஃபெலிக்ஸ் லீபர்மன், ஓவியர் மாக்ஸ் லீபர்மனின் தம்பி. இளமையில் மான்செஸ்டரில் வணிகம் பழகியவர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை பார்த்ததே இல்லை; குடும்பச் சொத்து இருந்தது, உழைப்பு இருந்தது. முதல் தொகுதி 1903இல் முடிந்தது. மூன்றாவது வந்த 1916இல் ஜெர்மனியும் இங்கிலாந்தும் போர்முனையில் நின்றன.

* * *

ஆய்வாளர் டோரத்தி வைட்லாக் (1901–1982) முதலில் கையில் எடுத்தது ஆங்கிலோ-சாக்சன் கால உயில்களை. யார் யாருக்கு நிலம், வாள், அடிமை என்று எழுதிவைத்தார்கள் என்பதைத் தொகுத்து 1930இல் வெளியிட்டார். பிறகு பேராயர் வுல்ஃப்ஸ்டனிடம் வந்தார். டென்மார்க்கிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த மன்னர் கனூட்டின் சட்டத்தை எழுதியது, அனல் பறக்கப் பிரசங்கம் செய்த அதே பேராயர்தான் என்று நடையை ஒப்பிட்டே நிறுவினார். இலக்கியம் படித்தவர் சட்ட வரலாற்றுக்குச் செய்த பெரிய உதவி இதுதான் என்பேன். 1957இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியரானார்.

* * *

வரலாற்றாசிரியர் பேட்ரிக் வோர்மால்ட் ஆங்கிலச் சட்டம் உருவான கதையின் முதல் தொகுதியை 1999இல் வெளியிட்டார். இரண்டாவதை முடிக்காமலே 2004இல் காலமானார். அதற்காக அவர் எழுதிவைத்த பகுதிகள் இப்போது இணையத்தில் உள்ளன, காசில்லாமல் படிக்கலாம்.